வண்ணப் படத்தின் ரா கோப்பு மேட்லேப்பில் சாம்பல் கட்டங்களாகத் திறப்பது ஏன்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். வேலூரில் இறுதியாண்டு படிக்கிறீர்கள். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில், மேசைக்கு மேல் பொருத்திய கேமரா எடுத்த படங்களைப் புராஜெக்டுக்காக வாங்கி வந்திருக்கிறீர்கள். எல்லாம் ரா என்று முடியும் கோப்புகள், ஒவ்வொன்றும் சரியாக 1,00,27,008 பைட். கலர் கேமரா, 2448-க்கு 2048 பிக்சல் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளில், படக் கோப்பைத் திறக்கும் இம்ரீட் ஃபங்ஷனைக் கொடுத்தால் இந்த வகைக் கோப்பே தனக்குத் தெரியாது என்கிறது. கோப்பின் எண்களை அப்படியே எடுக்கும் எஃப்ரீட் வைத்துப் படித்து மூன்று நிறமாகப் பிரிக்கப் பார்த்தால் தரவு போதவில்லை என்று பிழை வருகிறது. 16 பிட் எண்களாகப் படித்தால் தோல் தெரிகிறது. ஆனால் படம் இருட்டாக, சாம்பலாக, பெரிதாக்கிப் பார்த்தால் கிராப் தாள் போலச் சின்னச் சின்னக் கட்டங்களுடன் இருக்கிறது. "கலராகத் திறக்க எந்த ஃபங்ஷன்?" என்று கேட்டு, கோப்பின் முதல் எட்டு பைட்டையும் கொடுத்திருக்கிறீர்கள்: 84, 1, 46, 2, 90, 1, 51, 2. அந்த எட்டு எண்களுக்காகத்தான் நான் பதில் எழுத உட்கார்ந்தேன். இப்படிக் கேட்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைக் கொடுப்பதில்லை.

நீங்கள் உண்மையில் கேட்க வேண்டியது எந்த ஃபங்ஷன் என்பதை அல்ல. இந்த எண்களை எத்தனை எத்தனையாக, எந்த வரிசையில் அடுக்குவது என்பதைத்தான். ஜேபெக், பிஎன்ஜி போன்ற கோப்புகளின் தலையில் அகலம், உயரம், பிட் கணக்கு எல்லாம் எழுதியிருக்கும். இம்ரீட் அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கும். ரா கோப்பில் அந்தத் தலைப்பகுதி கிடையாது. கோலப் புத்தகத்தில் '15 புள்ளி, 15 வரிசை' என்று படத்துக்கு மேல் ஒரு வரி இருக்குமே, அந்த வரியைக் கிழித்து எறிந்துவிட்டு 225 புள்ளிகளையும் ஒரே நூலில் கோத்துக் கையில் கொடுத்தால் எப்படியோ, அப்படி. நூல் முழுசாக இருக்கிறது, ஒரு புள்ளியும் குறையவில்லை. எங்கே மடக்குவது என்றுதான் நூலுக்குத் தெரியாது.

நான் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைகளுக்கும் ஷூ தொழிற்சாலைகளுக்கும் கேமரா வைத்துத் தரம் பார்க்கும் கருவிகளை அமைத்துக் கொடுக்கும் வேலையில் பதினாறு வருடமாக இருக்கிறேன். படித்தது மின்னணுவியல், பட அறிவியல் என்று தனியாக எதையும் படித்தவன் அல்ல. ஆகவே கோப்பைத் திறப்பது பற்றி நான் சொல்வதை நம்பலாம். நிற அறிவியல் பற்றிக் கடைசியில் சொல்லப்போவதை ஒரு தொழிலாளியின் அனுபவம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கூட்டல் பெருக்கல். கணினியை மூடிவிட்டுத் தாளில் போடுங்கள், அதுதான் வேகம். 2448-ஐ 2048-ஆல் பெருக்கினால் 50,13,504. இது பிக்சல் எண்ணிக்கை. உங்கள் கோப்பின் அளவு இதில் சரியாக இரண்டு மடங்கு. ஒரு பைட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு பைட் வீதம் இருந்திருந்தால் 1,50,40,512 பைட் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்று நிறமாகப் பிரிக்கும்போது 'தரவு போதவில்லை' என்று மேட்லேப் சொன்னது இதனால்தான். அது கோப்பின் பழுதல்ல. கோப்பில் இல்லாததை நீங்கள் கேட்டீர்கள். ஆக, பிக்சலுக்கு இரண்டு பைட். தலைப்பகுதி எதுவும் இல்லை. இவை இரண்டும் நிச்சயம்.

பிக்சலுக்கு இரண்டு பைட் என்றால் அது எதுவாக இருக்கலாம்? நடைமுறையில் இரண்டு வாய்ப்புகள். ஒன்று, ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரே ஓர் எண், அது 16 பிட் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மற்றொன்று, ஒய்யுவி 422 என்ற வகை: ஒவ்வொரு பிக்சலுக்கும் பிரகாசம் ஒரு பைட், நிறத் தகவல் பக்கத்துப் பிக்சலோடு பங்கு போட்டுக்கொண்டு ஒரு பைட். வெப் கேமராக்களில் இது சர்வ சாதாரணம். இரண்டுக்கும் கோப்பின் அளவு ஒன்றேதான், அதனால் கணக்கு மட்டும் போட்டு இரண்டையும் பிரிக்க முடியாது. இங்கேதான் உங்கள் எட்டு எண்கள் உதவுகின்றன. ஒய்யுவியில் நிறம் சொல்லும் பைட்டுகள், நிறமில்லாத சாம்பல் பொருளுக்கு 128-ஐ ஒட்டி நிற்கும். சாதாரண வண்ணப் பொருளுக்கும் அதிலிருந்து பெரும்பாலும் வெகுதூரம் போகாது. உங்கள் எட்டில் 1, 2, 1, 2 என்று ஒன்றுவிட்டு ஒன்று மிகச் சிறிய எண். நிறமோ பிரகாசமோ இப்படி அடி மட்டத்தில் வரிசையாக நிற்காது. எனவே ஒய்யுவி இல்லை. இரண்டிரண்டாகச் சேர்த்துப் படிக்க வேண்டும், சிறிய எண் மேல் பைட். 1-ஐ 256-ஆல் பெருக்கி 84-ஐக் கூட்டினால் 340. அடுத்தது 558. பிறகு 346, 563. மாற்றிப் போட்டு 84-ஐ மேல் பைட்டாக எடுத்தால் 21,505, 11,778 என்று தாறுமாறாகக் குதிக்கும். கீழ் பைட் முதலில் வரும் வரிசைதான் இது, அதாவது லிட்டில் எண்டியன். இன்றைய மேசைக் கணினிகளில் பெரும்பாலும் அதுதான் இயல்பு.

இப்போது அந்த நான்கு எண்களைப் பாருங்கள்: 340, 558, 346, 563. சிறிது, பெரிது, சிறிது, பெரிது. ஒன்றுவிட்டு ஒன்று ஒத்துப்போகிறது, அடுத்தடுத்து இருப்பது ஒத்துப்போகவில்லை. நீங்கள் 'கிராப் தாள்' என்று எழுதியது இதைத்தான். கலர் கேமராவின் சென்சாருக்கு நிறம் தெரியாது. அதன் ஒவ்வொரு புள்ளியும் விழும் வெளிச்சத்தின் அளவை மட்டும் எண்ணும். அதனால் ஒவ்வொரு புள்ளியின் தலையிலும் ஒரு சின்ன நிறக் கண்ணாடியைப் போர்த்தி வைக்கிறார்கள். ஒரு வரிசையில் சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. அடுத்த வரிசையில் பச்சை, நீலம், பச்சை, நீலம். இரண்டுக்கு இரண்டு கட்டத்தில் பச்சை இரண்டு, சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. மனிதக் கண் நுணுக்கத்தைப் பெரும்பாலும் பச்சையை ஒட்டியே பார்ப்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. கோடக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் இதற்கு 1976-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அவர் பெயராலேயே இன்றும் பேயர் அமைப்பு என்கிறோம். ஆகவே உங்கள் கோப்பில் ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு நிறம்தான் இருக்கிறது. மீதி இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகித்து நிரப்ப வேண்டும். அந்த வேலைக்குப் பெயர் டீமொசைக். கேட்டீர்களே, ஃபங்ஷன் என்றால் இதுதான் ஃபங்ஷன். மேட்லேப்பின் படச்செயலாக்கக் கருவித்தொகுப்பில் டீமொசைக் என்ற பெயரிலேயே இருக்கிறது.

ஆனால் அது உங்களிடம் ஒரு கேள்வி கேட்கும்: மேல் இடது மூலையில் எந்த நிறத்தில் தொடங்குகிறது? நான்கு பதில்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஆர்ஜிஜிபி, பிஜிஜிஆர், ஜிஆர்பிஜி, ஜிபிஆர்ஜி. ஆர் என்றால் சிவப்பு, ஜி பச்சை, பி நீலம்; முதல் இரண்டு எழுத்து முதல் வரிசை, அடுத்த இரண்டு இரண்டாவது வரிசை. வெள்ளை வெளிச்சத்தில் சாம்பலான பொருளைப் பார்க்கும்போது பெரும்பாலான சென்சார்களில் பச்சைப் புள்ளிதான் அதிக எண்ணைக் கொடுக்கும். உங்கள் முதல் வரிசையில் இரண்டாவது, நான்காவது எண்கள் பெரியவை. ஆக அவை பச்சை, முதலாவது சிவப்போ நீலமோ. நான்கில் இரண்டு கழிந்தது. மிச்சம் ஆர்ஜிஜிபி, பிஜிஜிஆர். இதை 'அநேகமாக' என்ற அளவில்தான் சொல்கிறேன். படத்தின் மூலையில் தோல் இல்லாமல் மேசைதான் தெரியும் என்றும், மேசை வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்கும் என்றும் நான் எண்ணிக்கொண்டு போட்ட கணக்கு இது. மேசையில் நீல தார்ப்பாய் விரித்திருந்தால் நீலப் புள்ளி பச்சையை முந்தக்கூடும், அப்போது என் கணக்கு கவிழும்.

மிச்சமுள்ள இரண்டில் எது என்று தேர்ந்தெடுப்பதை 'போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்' என்று எல்லோரும் சொல்வார்கள். தோல் விஷயத்தில் தெரியாது. நானே மாட்டிக்கொண்டிருக்கிறேன். வேலைக்கு வந்த இரண்டாவது வருடம், பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எங்கள் கருவியைக் காட்டப் போயிருந்தோம். திரையில் அழகான இளம்பழுப்பு நிறத்தில் தோல் தெரிந்தது. கீறல், அம்மை வடு, உண்ணி கடித்த புள்ளி எல்லாம் பளிச்சென்று இருந்தன. முதலாளிக்குத் திருப்தி. அங்கே முப்பது வருடமாகத் தோலைத் தரம் பிரிக்கும் பெரியவர் ஒருவர் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து, திரையைச் சற்று நேரம் பார்த்தார். "தம்பி, இது எங்கள் சரக்கு இல்லையே. இது பட்டை போட்ட தோல். நாங்கள் குரோம் மட்டும்தான் போடுகிறோம்" என்றார். "இப்போதுதான் பாய், உங்கள் மேசையில் எடுத்தோம்" என்றேன். அவர் மேசையில் கிடந்த தோலைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். வெளிர்நீலம்.

விஷயம் இதுதான். குரோம் உப்பில் பதனிட்ட ஈரத்தோல் வெளிர்நீலமாக இருக்கும். 'வெட் ப்ளூ' என்றுதான் அதற்குப் பெயரே. முன்பு இந்தப் பக்கத்தில் ஆவாரம் பட்டையில் பதனிட்டார்கள். அந்தத் தோல் பழுப்பாக வரும். நான் ஆர்ஜிஜிபி என்று கொடுக்க வேண்டிய இடத்தில் பிஜிஜிஆர் என்று கொடுத்திருந்தேன். சிவப்பும் நீலமும் இடம் மாறின, நீலத்தோல் பழுப்புத் தோலானது. மனித முகமாக இருந்திருந்தால் நீல முகத்தைப் பார்த்த நொடியில் கண்டுபிடித்திருப்பேன். தோல் என்றால் பழுப்பு என்று நினைக்கிற எனக்கு அந்தப் படத்தில் குறையே தெரியவில்லை. ஆகவே நீங்கள் அடுத்த முறை போகும்போது ஒரு தக்காளியையும் ஒரு நீலப் பேனா மூடியையும் மேசையில் வைத்து ஒரு படம் எடுத்துவரச் சொல்லுங்கள். அந்த ஒரு படம் போதும். பழைய படங்கள் மட்டும்தான் கையில் இருக்கின்றன என்றால், தோல் வெட் ப்ளூவா, கிரஸ்ட்டா (பதனிட்டு உலர்த்தி, இன்னும் மெருகிடாதது), சாயமிட்டதா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு அதன்பிறகு முடிவு செய்யுங்கள்.

இனி மேட்லேப்பில் செய்ய வேண்டியது. கோப்பைத் திறக்கும் எஃப்ஓப்பன் கொடுக்கும்போதே மூன்றாவதாக ஐஈஈஈ-எல்ஈ என்று பைட் வரிசையைச் சொல்லிவிடுங்கள். எஃப்ரீட்டில் அளவை 2448, 2048 என்ற வரிசையில், அகலம் முதலில் வரும்படி கொடுங்கள். ஏனென்றால் மேட்லேப் எண்களை நெடுவரிசை நெடுவரிசையாக, மேலிருந்து கீழாக அடுக்கும். ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியின் காலத்திலிருந்து வந்த பழக்கம். கேமராவோ நாம் எழுதுவதைப் போல இடமிருந்து வலமாக, கிடைவரிசையாக எழுதி வைத்திருக்கிறது. அதனால் அகலத்தை உயரமாகச் சொல்லிப் படித்துவிட்டு, பிறகு அணியைப் புரட்டிப்போட வேண்டும், அதாவது நெடுவரிசைகளைக் கிடைவரிசைகளாக்க வேண்டும் (டிரான்ஸ்போஸ்). புரட்ட மறந்தால் படம் பக்கவாட்டில் படுத்து, கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியும் இருக்கும். உயரத்தை முதலில் கொடுத்துப் படித்தாலோ புரட்டினாலும் சரியாகாது. வெறும் கோடும் கீறலுமாக வரும். வகையைச் சொல்லும் இடத்தில் யூஇன்ட்16 (16 பிட் முழு எண்) என்று மட்டும் எழுதாமல், அதற்குப் பிறகு அம்புக்குறி போட்டு மறுபடி யூஇன்ட்16 என்று எழுதுங்கள். இல்லையென்றால் எஃப்ரீட் தானாகவே எண்களை டபுள் என்ற தசம எண் வகைக்கு மாற்றிவிடும். டபுள் என்றால் 0 முதல் 1 வரை என்றுதான் படத்தைத் திரையில் காட்டும் இம்ஷோ எடுத்துக்கொள்ளும். 340-உம் அதற்கு வெள்ளை, 558-உம் வெள்ளை. 'படம் முழுக்க வெள்ளையாக வருகிறது' என்று எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு இதுதான் காரணம்.

உங்களுக்கு இருட்டாக வந்ததற்குக் காரணம் நேர் எதிரானது. 16 பிட் என்றால் உச்சம் 65,535. உங்கள் கேமரா அவ்வளவு தூரம் எண்ணுவதில்லை. 12 பிட் கேமராவானால் உச்சம் 4095, 10 பிட்டானால் 1023. பெரிய பானையின் அடியில் கொஞ்சம் கஞ்சி. 12 பிட் என்றால் 16-ஆலும், 10 பிட் என்றால் 64-ஆலும் பெருக்குங்கள், வெளிச்சம் வரும். இரண்டில் எது என்று எட்டு பைட்டை வைத்துச் சொல்ல முடியாது. 340-உம் 563-உம் இரண்டிலும் அடங்கும். எல்லாக் கோப்புகளிலும் உள்ள மிகப் பெரிய எண்ணைத் தேடுங்கள். ஈரத்தோலில் விளக்கின் பளபளப்பு விழுந்த இடம் எங்காவது இருக்கும். அங்கே கேமரா உச்சத்தைத் தொட்டு நின்றிருக்கும். அந்த எண் 1023 என்றால் 10 பிட், 4095 என்றால் 12 பிட். சில கேமராக்கள் 12 பிட் எண்ணை மேலே தள்ளி, எல்லா எண்ணும் 16-இன் மடங்காக வரும்படி எழுதும். உங்களுடையது அப்படி இல்லை. 558 பதினாறால் வகுபடாது.

பைத்தானில் செய்தால் பாதி வேலை குறையும். எண் அணிகளைக் கையாளும் நம்பை நூலகத்தின் ஃப்ரம்ஃபைல் ஃபங்ஷனில் லிட்டில் எண்டியன் 16 பிட் என்று சொல்லிப் படித்து, 2048, 2448 என்று உயரம் முதலில் வரும்படி ரீஷேப் செய்தால் போதும். அது கிடைவரிசையாகவே அடுக்குவதால் புரட்ட வேண்டியதில்லை. ஆனால் இங்கே வேறு இரண்டு குழிகள் உண்டு. படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி நூலகம் பேயர் அமைப்புக்குப் பெயர் வைத்த விதம் விசித்திரமானது: மூலையில் உள்ள பிக்சலைப் பார்க்காமல், இரண்டாவது வரிசையில் இரண்டாவது, மூன்றாவது பிக்சல்களைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதனால் கேமரா கையேட்டில் ஆர்ஜிஜிபி என்று போட்டிருந்தால் ஓப்பன்சிவியில் பேயர் பிஜி என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேரணாம்பட்டில் என்னைக் கவிழ்த்தது இதுதான். போதாக்குறைக்கு அது விடையை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைத்திருக்கும். வேறு நூலகத்தில் காட்டும்போது மறுபடி இடம் மாறும். இரண்டு தவறு சேர்ந்து ஒரு சரியாகி, அதைச் சரி என்று நம்பி ஒரு வருடம் ஓட்டியவர்களையும் எனக்குத் தெரியும். இரண்டாவது குழி கழித்தல். கேமரா முழு இருட்டிலும் பூஜ்யம் காட்டாது. சிறிதளவு எண் காட்டும். அந்த அடிமட்டத்தைக் கழிக்க வேண்டும். மேட்லேப்பில் யூஇன்ட்16 பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் நின்றுவிடும். நம்பையில் பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் 65,535 ஆகிவிடும். இருட்டான இடங்களில் நட்சத்திரம் பூத்தது போல வெள்ளைப் புள்ளிகள் வரும். கழிப்பதற்கு முன் தசம எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள்.

நாளைக்கு வேறு கேமராவிலிருந்து, அகலம் உயரம் எதுவும் சொல்லாமல் ஒரு கோப்பு வரும். அன்றைக்குத் தவறான படமே உங்களுக்கு வழி சொல்லும். அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் கையேடு தேவையில்லை. பிக்சலுக்கு ஓர் எண் மட்டும் உள்ள படத்தில் அகலத்தை அதிகமாகச் சொல்லிவிட்டால் நேர்க்கோடுகள் கீழே போகப் போக இடப்பக்கம் சாயும். குறைத்துச் சொன்னால் வலப்பக்கம். மேசையின் விளிம்பு நூறு வரிசை இறங்குவதற்குள் 800 பிக்சல் இடப்பக்கம் நகர்ந்தால், நீங்கள் சொன்ன அகலம் எட்டு அதிகம். அவ்வளவு நேரடியான கணக்கு. படத்தில் நேர்க்கோடே இல்லையென்றால், எண்களின் நீண்ட வரிசையை அதன் மேலேயே நகர்த்தி நகர்த்தி வைத்து வித்தியாசத்தைக் கூட்டிப் பாருங்கள். எத்தனை இடம் நகர்த்தும்போது வித்தியாசம் சட்டென்று குறைகிறதோ அதுதான் அகலம். பேயர் கோப்பில் மட்டும் அகலத்தைவிட அதன் இரட்டிப்பில் குறைவு இன்னும் ஆழமாக இருக்கும், ஏனென்றால் ஒரு வரிசை தள்ளினால் சிவப்புக்கு நேராகப் பச்சை வந்து நிற்கும், இரண்டு தள்ளினால்தான் சிவப்புக்குச் சிவப்பு.

மூன்று நிறமும் உள்ள ரா கோப்புகளில் அடையாளம் வேறு. நிறங்கள் பிக்சலுக்குப் பிக்சல் கலந்து வருவது ஒரு முறை. முழுச் சிவப்புப் படம், அதன் பின் முழுப் பச்சை, பின் முழு நீலம் என்று அடுக்காக வருவது மற்றொரு முறை. அடுக்காக இருப்பதைக் கலந்ததாக நினைத்துப் படித்தால் திரையில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது குட்டிப் படங்கள் தெரியும், ஒன்பதும் ஏறக்குறைய சாம்பல். முதல் முறை பார்ப்பவர்கள் வைரஸ் என்று பயப்படுவார்கள். 16 பிட் கோப்பில் பைட் வரிசையை மாற்றிப் படித்தால் வழுவழுப்பான இடங்களெல்லாம் நில வரைபடத்தில் மலைக்கோடு போட்டது போல வளையம் வளையமாக வரும். கோப்பின் அளவு பிக்சல் எண்ணிக்கையில் ஒன்றரை மடங்காக, உங்கள் கேமராவுக்கு 75,20,256 பைட்டாக இருந்தால், அது இரண்டு 12 பிட் எண்களை மூன்று பைட்டில் மடித்து வைத்த கோப்பு. அதை மடிப்பதில் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு; கேமரா கையேட்டைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

அளவு எந்தப் பெருக்கலுக்கும் ஒத்துவராமல் கொஞ்சம் மிஞ்சினால், பெரும்பாலும் முன்னால் ஒரு தலைப்பகுதி இருக்கிறது என்று பொருள். மிஞ்சுவதைத் தாண்டிவிட்டுப் படியுங்கள். நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஆலங்காயத்துக்கு மேலே ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம், 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி. வானியல் ஆய்வு மாணவர் ஒருவர் வானியலில் வழங்கும் ஃபிட்ஸ் வகைக் கோப்பு ஒன்றை ஒரு முறை என்னிடம் கொண்டுவந்தார். பெயரில் ரா என்று யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். அளவை 2880-ஆல் வகுத்தேன், மீதியில்லாமல் போனது. ஃபிட்ஸ் கோப்பை எப்போதும் 2880 பைட் கட்டங்களாகத்தான் எழுதுவார்கள்; முன்னால் உள்ள தலைப்பகுதியை நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். எண்களை மேல் பைட் முதலில் வரும்படி எழுதுவார்கள், உங்களுடையதற்கு நேர் எதிர். கோப்பின் பெயரை நம்பாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த மலைக்கோப்புதான்.

அதே காரணத்துக்காக, எந்த ரா கோப்பு வந்தாலும் முதல் நான்கு பைட்டைப் பார்த்துவிடுங்கள். 255, 216 என்று தொடங்கினால் அது ஜேபெக். 137, 80, 78, 71 என்றால் பிஎன்ஜி. 66, 77 என்றால் பிஎம்பி. 73, 73, 42, 0 என்றால் டிஃப் குடும்பம். கேனன் கேமராவின் சிஆர்2, அடோபி 2004-இல் கொண்டுவந்த டிஎன்ஜி ஆகியவையும் இந்தக் குடும்பத்தில் சேரும். கடையில் வாங்கும் பெரிய கேமராக்களின் 'ரா' பலவும் இந்த வகைதான். உங்களுடையதோடு பெயரில் மட்டும் உறவு. அவற்றில் தலைப்பகுதி உண்டு, எண்கள் பெரும்பாலும் சுருக்கப்பட்டும் இருக்கும். எஃப்ரீட் வைத்து அவற்றை உடைக்க முயல்வது வீண் வேலை. மேட்லேப்பில் 2021 பதிப்பிலிருந்து ராரீட் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. பைத்தானில் ராபை இருக்கிறது, அதன் அடியில் லிப்ரா நூலகம், அதற்கும் அடியில் டேவ் காஃபின் என்பவர் 1997-இல் தனியாளாக எழுதத் தொடங்கிய டிசிரா நிரல். உங்கள் கோப்பு 84, 1 என்று தொடங்குவதால் இவை எதுவும் உங்களுக்குப் பொருந்தாது.

டீமொசைக் முடிந்ததும் படம் பச்சையாகத் தெரியும். பதறாதீர்கள், பச்சைப் புள்ளி அதிகம் எண்ணும் என்று மேலே சொன்னதன் விளைவு அது. அடிமட்ட எண்ணைக் கழித்துவிட்டு, படத்தில் சாம்பல் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஓர் இடத்தில் மூன்று நிறங்களின் சராசரியையும் எடுத்து, சிவப்பையும் நீலத்தையும் பச்சைக்குச் சமமாகும்படி பெருக்குங்கள். அதற்குப் பிறகும் சற்று இருட்டாக, கறுப்புப் பகுதிகள் அடைந்துபோய்த் தெரியும். கேமரா வெளிச்சத்தை நேர் விகிதத்தில் எண்ணுகிறது, திரை அப்படிக் காட்டுவதில்லை. 0 முதல் 1 வரை அளவாக்கிக்கொண்டு 2.2-இல் ஒரு பங்கு அடுக்குக்கு உயர்த்தினால் கண்ணுக்கு ஒத்த படம் வரும். இந்தக் கடைசி வேலையைக் காட்டுவதற்கு மட்டும் செய்யுங்கள். கீறலைத் தேடும் கணக்குகளுக்கு நேர்விகித எண்களையே கொடுங்கள்.

இங்கே என் எல்லை வருகிறது. தோலில் குறை கண்டுபிடிப்பதுதான் உங்கள் புராஜெக்ட் என்றால் இதுவரை சொன்னது போதும். ஷேடு ஒத்துப்போகிறதா என்று சொல்வதுதான் நோக்கம் என்றால் போதாது. இந்தக் கோப்புகளில் உள்ள சிவப்பு, அந்தக் கேமராவின் சிவப்பு. அதைப் பொதுவான நிற அளவுக்கு மாற்ற, 24 கட்டங்கள் கொண்ட நிற அட்டையை அதே விளக்கின் கீழ் அதே கேமராவில் எடுத்த ஒரு படம் வேண்டும். பழைய படங்களிலிருந்து பிறகு அதை மீட்கவே முடியாது. விளக்கைப் பற்றியும் விசாரியுங்கள். ஜன்னல் வெளிச்சம் கலந்தால் காலை பத்து மணித் தோலும் மாலை நான்கு மணித் தோலும் இரண்டு நிறம். சாதாரணக் குழல் விளக்கு நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். கேமராவின் திறப்பு நேரம் 10 மில்லி நொடியின் மடங்காக இல்லாவிட்டால் ஒரே தோலின் இரண்டு படங்கள் இரண்டு பிரகாசத்தில் வரும். அதைத் தோலின் குறை என்று எழுதிவிடாதீர்கள். மே மாதத்து வேலூர் வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் எடுத்த படங்கள் என்றால் அடிமட்ட எண்ணும் ஏறியிருக்கும், ஏனென்றால் சென்சார் சூடாகச் சூடாக இருட்டிலும் அதிகம் எண்ணும். கேமராவின் மூடியைப் போட்டு அன்றன்றைக்கு ஒரு கறுப்புப் படம் எடுத்து வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

இப்போதைக்கு எனக்கு இன்னும் எட்டு எண்கள் வேண்டும். ஒரு வரிசைக்கு 4896 பைட். ஆகவே 4897-ஆவது பைட்டிலிருந்து எட்டு பைட்டைப் படித்து அனுப்புங்கள். அந்த வரிசையில் முதல் எண் 558-ஐ ஒட்டி வந்து, அடுத்தது வேறாக வந்தால் பச்சையின் இடம் பற்றி நான் சொன்னது சரி. அப்படி வராவிட்டால் மேசையில் என்ன விரித்திருந்தார்கள் என்று தொழிற்சாலையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.